மூன்றாவது பிரதி

தச்சநல்லூரில் காந்திமதிநாதன் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் கணினி படுத்துவிட்டது. சரிசெய்ய வந்த கணேஷ்ராம் மத்தியானத்துக்குள் அத்தனை ஜாதகங்களையும் மீட்டுவிட்டான்.

“இனி பயமில்ல அண்ணாச்சி. ஒரு பிரதி இங்கன, ஒண்ணு உங்க வீட்டுக்கு, ஒண்ணு கிளவுட்ல. மூணும் ஏத்தியாச்சு. நீங்க எப்பவோ அழிச்சதுகூட வந்துட்டு.”

காந்திமதிநாதனுக்கு வியர்த்தது. “அழிச்சதெல்லாம் எதுக்கு தம்பி?”

அதற்குள் அவன் ஒன்றைத் திறந்துவிட்டான். “அனுராதா, மூல நட்சத்திரம். இது என் வீட்டுக்காரி ஜாதகம்லா? எங்களுக்குத் தந்ததுல அனுஷம்னுல்லா இருந்துச்சு.”

“அவங்கப்பா கெஞ்சினாரு. மாத்திக் குடுத்துட்டு, பழசை அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

கணேஷ்ராம் பட்டியலை உருட்டிக்கொண்டே போனான். காந்திமதிநாதன் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

ஓரிடத்தில் அவன் விரல் நின்றது.

“என்னோட பழைய ஜாதகமும் வந்திருக்கு அண்ணாச்சி. செவ்வாய் தோஷத்தோட.”

“அதையும் நான்தான்…”

“தெரியும். மாத்தச் சொல்லி எங்கப்பாகூட நானும்தான வந்தேன்.” அவன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். “மொதல்ல கிளவுட்ல அழிக்கணும். எங்க கம்பெனில அங்க ஏறுததைச் சரிபாக்கதே அனுராதாதான்.”