மௌன ஆராதனைப் பட்டியல்

இத்தாலியின் போர்கோ வெக்கியோப் பகுதிச் சிறிய கோவிலில் பதினொன்றரை மணி வெயில் பீடத்துப் பித்தளையில் சுடுகிறது. அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா என்று பன்னிரண்டு மணிக்கு மன்னார் மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டிய றோசமலர், ஆண்டவரின் பதிலுக்காக முழந்தாளிட்டிருக்கிறாள். கைப்பைக்குள் தொலைபேசி ஓயாமல் அதிர்கிறது. யார் எந்த அரைமணி செபிப்பது என்ற மௌன ஆராதனைப் பட்டியலோடு அவளருகே குனிகிறான் கோவில் சபைச் செயலாளர் விமலராஜ். "அக்கா, இது சுஜானியின்ர அரைமணி. அவ வாறா. உங்கட பேர் இதிலை இல்லை. எழும்புங்கோ, தேத்தண்ணி போடவேணும்." பதினொரு ஆண்டுகளாகப் பட்டியலை எழுதுபவள் றோசமலரே, தன் பெயரை ஒருமுறையும் எழுதியதில்லை. பட்டியலைப் பறித்து, சுஜானியின் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதுகிறாள். "தேத்தண்ணியை நீர் போடும், தம்பி. பன்னிரண்டுக்குப் போனைக் கொண்டுவாரும். அதுவரைக்கும் ஆரும் என்னோட கதைக்கப்படாது." அவள் நீட்டும் தொலைபேசியை வாங்கிக்கொண்டு அவன் போகிறான். முதலில் அவளுக்குக் கேட்பது தன் மூச்சிரைப்புத்தான். அது அடங்கக் காத்திருக்கிறாள்.