முயல்கூடப் பிடிக்காத வேட்டைக்காரர்

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். "நல்ல சிப்பாய், நல்ல அப்பா. லீவு கிடைச்சா காடு, வேட்டைதான் அவருக்கு."

கட்டைக்கால் கிழவருக்கு வயிறு எரிந்தது. போரில் குண்டடிபட்டுக் கிடந்த அவரை, இறந்தவர் அந்தக் காட்டிலேயே விட்டுவிட்டு ஓடியவர். இன்று மைக்கில் மானத்தை வாங்காமல் போவதில்லை என்று எழுந்தார்.

"காட்டுல உங்கப்பா அப்படி என்னம்மா வேட்டையாடினாரு?" என்று மகளிடம் குத்தலாகக் கேட்டார்.

"ஒரு முயல்கூடக் கொண்டுவந்ததில்லைங்க. போர்ல விட்டுட்டு வந்த நண்பரோட எலும்பாவது கிடைக்குமான்னு முப்பது வருஷமா தேடினாரு."

கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'நான் செத்ததாகவே நினைத்துத் தவிக்கட்டும்' என்று, பிழைத்து வந்த செய்தியை அவருக்கு எட்டவிடாமல் முப்பது வருடம் மறைத்தவர் இவர்தான்.