விடைபெறும் பொத்தான்

தொடுதிரையின்முன் தலைமை இயக்குநர் வந்து நின்றதும் அவள் ஓரடி விலகி வழிவிட்டாள்.

"எங்கயாவது நான் தடுமாறி நின்னேன்னா, உங்க பிரிவை இன்னைக்கே மூடிடலாம். சம்மதமா?" என்றார்.

"சம்மதம் சார். ஆனா இது ஒத்திகை இல்ல. கடைசிப் பொத்தானை அழுத்தினா, அழுத்தினதுதான்."

சேவை வடிவமைப்பாளர் அவள். வந்தவர் தம் காரியம் முடித்துத் திரும்பும்வரை அவர் மனம் எங்கெங்கே இடறுகிறதோ, அங்கெல்லாம் வழியைச் செப்பனிடுவது தொழில். வாடிக்கையாளருக்குச் செய்தது போதாதென்று, வேலையை விட்டு விலகுவோர்க்கும் இப்போது ஒரு வழி சமைத்திருந்தாள்.

அந்நிறுவனத்தில் சேர்வது எளிது. விலகுவதென்றால் மாடி மாடியாக ஏறிக் கையொப்பத்துக்குக் கையேந்த வேண்டும்.

போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று எள்ளி நகையாடியவர் தலைமை இயக்குநர்தாம். அந்த வழியைத் தாமே நடந்து சோதிக்க இன்று வந்திருந்தார்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். தேவைப்படவில்லை, எழுத்துகள் அவ்வளவு பெரியவை. அமரலாமா என்று எண்ணுமுன், முழங்காலை நோகடிக்காத உயரத்தில் ஓர் இருக்கை காத்திருந்தது.

பொறுப்புகளை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று திரை வினவியது. துணை இயக்குநரின் படத்தைத் தொட்டார். பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் விக்கித்துப் போனார்.

எவற்றை விட்டுச் செல்கிறீர்கள் என்றது. திங்கட்கிழமைக் கூட்டங்களைத் தொட்டார், உதிர்ந்தன. காலாண்டு இலக்குகளைத் தொட்டார், உதிர்ந்தன.

பற்று ஒவ்வொன்றாய்க் கழன்று விழ விழ, அவர் முகத்தில் ஒளி ஏறியது. துறவியின் ஒளி அன்று. பள்ளி விடும் மணி கேட்ட பிள்ளையின் ஒளி.

'விடைபெறுகிறேன்.'

அந்தப் பொத்தானின்மேல் விரலை வைத்தபடியே அவள் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் உள்ள வரவே முடியாதுல்ல?"

"விருந்தாளியா வரலாம் சார்."

அழுத்தினார்.

கண்ணாடிக் கதவு தானே விரிந்தது. கழுத்துப்பட்டியை உருவித் துணை இயக்குநரின் தோளில் போர்த்தினார். முழங்கால் வலியாவது ஒன்றாவது! படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்.

மாடி தோறும் சன்னல்களில் தலைகள் முளைத்தன. கீழே புல்தரைக்கு நீர் தெளிக்கும் குழாயின் சாரலுக்குள் வேண்டுமென்றே புகுந்து, நனைந்து, வெளிவந்தார். "சார், வண்டி!" என்று ஓட்டுநர் பின்னால் ஓடினார். கையை வீசி மறுத்துவிட்டு, உரக்கப் பாடிக்கொண்டே தெருவில் கலந்தார். சுருதியும் தாளமும் ஆளுக்கொரு திசையில் போயின.

"ஐயோ, போயே போயிட்டாரே!" என்ற துணை இயக்குநர் தோளில் கிடந்த கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்தார். "ஒரு இடத்துலகூடத் தடுமாறல. உங்க பிரிவு பிழைச்சுது போங்க."

அவள் நன்றி சொன்னாளோ இல்லையோ, அவளுக்கே நினைவில்லை. பொங்கிய சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டு நடைவழிக்கு ஓடினாள். கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

"அம்மா! அப்பா வேலையை விட்டுட்டாரு. ஆமாம்மா, நெசமாத்தான். நடந்து வர்றாரு, சொட்டச் சொட்ட... துண்டு எடுத்து வை!"