மழை நாள் விதி

மழை பிடித்துக்கொண்டதும் சாயப்பட்டறை முதலாளி நாச்சிமுத்துவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கழிவுநீர்த் தொட்டி விளிம்புவரை சிவப்பாகத் தளும்பியது. வால்வைத் திறந்தால் ஆற்று வெள்ளத்தோடு போய்விடும். திறக்காவிட்டால் பட்டறையை நிறுத்த வேண்டும். கப்பலேற வேண்டிய துணி பாதியில் நிற்கும்.

“யாருங்க பாக்கப் போறாங்க? இப்பத்தான் அதிகாரிக யாரும் வாரதே இல்லீங்களே,” என்றார் மேற்பார்வையாளர் துளசிமணி.

நாச்சிமுத்து வால்வில் கைவைத்தார். வால்வு பேசியது. அரசுக்குப் பதிலாக முதலாளிகளே சபையாகக் கூடி விதி வகுக்கத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு விதியும் அதை முன்மொழிந்தவரின் குரலில்தான் ஒலிக்கும்.

“மழையச் சாக்கு வெச்சு ஒரு சொட்டு உட்டாலும் அவன் மனுசனே இல்லீங்க!”

பக்கத்துப் பட்டறைக்காரரை மடக்குவதற்காகச் சபையில் நாச்சிமுத்துவே முழங்கியது அது. அன்று கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். அதே குரல். பல்லைக் கடித்துக்கொண்டு போய் மோட்டார்களை ஒவ்வொன்றாக அணைத்தார்.

துளசிமணிக்கு ஆறவில்லை. “முன்னெல்லாம் கவர்மெண்டத் திட்டிக்கிட்டே தொறந்து உடுவீங்களே?”

“அப்பத் திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்துச்சு அம்மிணி.”