கால்வாய்க்கு அந்தப் பக்கம்

‘நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடாதே. அந்த ஜன்னலையே துடைத்துக்கொண்டிரு’ என்று மனசுக்குள் கெஞ்சினாள், அருங்காட்சியகத்தில் பழைய வரைபடங்களைச் செப்பனிடும் அவள்.

துப்புரவுப் பெண் நிமிர்ந்தாள்.

“அக்கா, எங்க தெரு கேஸ்ல நாளைக்குத் தீர்ப்பாம். அந்தப் படத்துல எங்க தெரு இருக்குதானே? கால்வாய்க் கரையில எதிரும் புதிருமா ரெண்டு வரிசை வீடு. ஊரு மதிலைத் தாண்டி வளர்றதுக்கு முன்னாடியே நாங்க அங்க இருந்தோமாம்.”

மூன்று நாள் முன்பு முதன்முதலாக இதைக் கேட்டதிலிருந்து செப்பனிடுபவளுக்குத் தூக்கமில்லை. பதில் சொல்வதற்குள் இயக்குநரும் நகராட்சி வக்கீலும் உள்ளே வந்தார்கள்.

மேஜையில் இரண்டு வரைபடங்கள். 1721இல் ஊர் மதிலுக்குள் கைப்பிடியளவு. 1784இல் மதிலைப் பிதுக்கிக்கொண்டு துறைமுகம், சந்தை, தோட்ட வீடுகள் என்று நாலா பக்கமும் பெருத்திருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் மட்டும் வெறும் தாள்.

“மாட்டுக் கொட்டகையைக்கூட விடாம வரைஞ்சிருக்கான். இங்க ஒரு குடிசை இருக்கா?” என்றார் வக்கீல், இரண்டாவது படத்தில் விரல் வைத்து. “எல்லாம் நேத்து வந்து வளைச்சுப் போட்டவங்க. ‘இந்தப் படம் வரைஞ்சபடியே இருக்கு’ன்னு மேடம் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரே வாரத்துல காலி பண்ண வெச்சிடலாம்.”

“மேடம் சொன்னா கோர்ட்ல மறுபேச்சே கிடையாது” என்றார் இயக்குநர். “கந்தலாக் கிடந்த இந்தப் படத்தைச் சரிபண்ணித்தான் விருதே வாங்கினாங்க.”

துப்புரவுப் பெண் ஈரத்துணியோடு இரண்டடி முன்னால் வந்தாள். “அக்கா நல்லாப் பாத்துச் சொல்லுவாங்க சார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வேலை செய்யறவங்க.”

செப்பனிடுபவளுக்கு முகம் எரிந்தது. வக்கீல் நீட்டிய பேனாவை வாங்கினாள். அதை மூடி, அவர் பக்கமே நகர்த்தினாள்.

“முடியாது சார்.”

“ஏன் மேடம்?”

“இந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டேன்.”

இழுப்பறையிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பை எடுத்துப் பிரித்து வைத்தாள். அவள் கையெழுத்துக்கு மேலே, அவளே குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: ‘கால்வாய்க் கரையில் இரண்டு வரிசையாக ஈ எச்சப் புள்ளிகள். முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டன.’