எட்டுக்கு எட்டு

“ஏன்டி, உன் வீட்டுக்காரர் சின்ன வீடு கட்டுறாராமே, நிஜமா?”

குழாயடியில் எதிர்வீட்டு அக்கா இப்படிக் கேட்டதும் குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

“ஆமாக்கா. அதையும் எங்க வீட்டுக்குப் பின்னாலயே கட்டுறார். எவ்வளவு தைரியம் பாருங்க!”

பதில் என்னவோ பட்டென்று வந்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்து வாசற்படி ஏறுவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

பின்பக்கம் அவள் கணவன் பள்ளத்துக்குள் நின்று மண்ணை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தான். எட்டுக்கு எட்டில் ஓர் அறைக்குக் கடைக்கால். அவன் லாரி மெக்கானிக். ஸ்பானர் பிடித்த கையே தவிர, அதுவரை கடப்பாரை பிடித்தறியாத கை. மகள் கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வாரம் தோண்ட ஆரம்பித்தான். அந்த வாரத்திலிருந்துதான் ராத்திரி வேலை என்று சொல்லி ஒர்க்‌ஷாப்பிலேயே படுத்துக்கொள்கிறான். விடிந்ததும் வருவான், குளிப்பான், சாப்பிடுவான், நேரே பள்ளத்தில் இறங்கிவிடுவான்.

“ஏங்க, சமையலறையை ஒட்டிக் கட்டினா ஒரு பக்கச் சுவர் மிச்சமாகுமே?”

“ஒட்ட வேணாம். தள்ளியே இருக்கட்டும்.”

“யாருக்குங்க இந்த ரூம்?”

“எனக்குத்தான்.”

‘நமக்கு’ என்று ஒரு வார்த்தை வாய்தவறிக்கூட வரவில்லையே!

கருங்கல் வந்து இறங்கியது. கடைக்கால் நிரம்பியது. கொத்தனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே நூல் கட்டினான், தானே கலவை போட்டான். முதல் வரிசை கோணிக்கொண்டு போனது. பிரித்துப் போட்டு மறுபடி கட்டினான். அவள் வலியப் போய் கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். கூட நின்று வேலை செய்தால் மனசு இளகாதா என்று ஒரு நப்பாசை. சட்டியை வாங்கிக்கொண்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

சுவர் இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“என் மேல என்ன கோபம் உங்களுக்கு? திட்டணும்னா திட்டித் தொலைங்களேன். இப்படி ஒவ்வொரு கல்லா அடுக்கி எங்களை விட்டுப் போகணுமா?”

“கோபமெல்லாம் இல்ல.”

“பாப்பாவைச் சரியாப் பாத்துக்கலைன்னு நினைக்கிறீங்க. அதானே? தூக்கத்துல கட்டில்ல இருந்து உருண்டு விழுற பிள்ளையை நான் எப்படிங்க பிடிப்பேன்?”

கையில் எடுத்த செங்கல்லோடு அவன் அப்படியே நின்றான்.

“உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றான். பிறகு அந்தக் கல்லையும் வைத்து, கரண்டிப் பிடியால் தட்டிச் சமன் செய்தான்.

தகரக் கூரை ஏறிய மறுநாள் மாலை தச்சர் கதவு மாட்ட வந்தார். வாய் ஓயாத மனிதர்.

“என்ன தம்பி, இத்தனூண்டு ரூமுக்கு ஒன்பது அங்குலச் சுவரா? யானையைக் கட்டிப் போடப் போறியா?”

அவன் லேசாகச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் டீயை நீட்டினாள்.

“உனக்குப் புரியலையாம்மா?” தச்சர் அவளிடம் திரும்பினார். “நீ திட்டுறது காதுல விழக் கூடாதுன்னுதான் இவ்வளவு தடிமனாக் கட்டியிருக்கான். என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் பத்தாது. அவளுக்குக் கோட்டைச் சுவர்தான் எழுப்பணும்!”

கதவு நிலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. தச்சர் இரண்டு மூன்று தரம் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

“எந்த உயரத்துல வைக்கட்டும் தம்பி? நீ நெட்டை. கொஞ்சம் மேலயே வைக்கவா?”

“உள்ள வேணாம்ணே. வெளியில வைங்க. இவ கைக்கு எட்டுற மாதிரி.”

“வெளியிலயா? உள்ள ஆள்தானே படுக்கப் போகுது?”

“நான்தான் படுக்கப் போறேன். தினம் நான் படுத்ததும் இவ வந்து வெளியில தாழ் போட்டுக்கணும். தூக்கத்துல எழுந்து யாரு கையைப் பிடிச்சு முறுக்குறேன்னு எனக்கே தெரியலைண்ணே.”

தச்சர் கையிலிருந்த திருப்புளி அந்தரத்தில் நின்றது.

“பாப்பா கட்டில்ல இருந்துதாங்க விழுந்தா…” என்று அவள் ஆரம்பித்தாள். டாக்டரிடமும், எதிர்வீட்டு அக்காவிடமும், அன்று விடிந்து ஒன்றும் அறியாமல் எழுந்து உட்கார்ந்த அவனிடமும் சொன்ன அதே பொய். இன்றைக்கு அது பாதியிலேயே நின்றது.

“என்னைப் பார்த்தாலே பாப்பா கையைப் பின்னால ஒளிச்சுக்கிறா” என்றான் அவன். “யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

தச்சர் தாழ்ப்பாளைக் கதவின் வெளிப்பக்கத்தில், அவள் நெஞ்சு உயரத்தில் வைத்து முடுக்கினார். பிறகு உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கிளம்பிப் போனார்.