நடுவில் இரண்டடி

“ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டடி இடம் இருக்கணும். இவளோட ஷால் நுனிகூட அவர் மேல படக் கூடாது,” என்றாள் பெண்ணின் அம்மா.

போட்டோகிராஃபர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். திரையில் மலை உச்சி. பாறை, ஒற்றை மரம், கீழே பஞ்சுப் பொதியாகப் பனி. போன மாதம் அங்கே எடுத்த ஜோடி ஒன்று பாறையின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

“கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற படம்மா இது. கொஞ்சமாவது நெருங்கி நின்னாதான் ஜோடின்னு தெரியும். ரெண்டடி விட்டா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். எங்க வீட்ல அப்படித்தான்.”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டான். “அத்தை, ஒரே ஒரு படம். தோள்ல லேசா கை வெச்சு...”

“கை உங்க பாக்கெட்ல இருக்கட்டும் மாப்பிள்ளை. மலையில குளிரும்.”

பெண் ஷாலால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினாள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப் போனது. பாவம், பை நிறையச் சட்டைகளைத் தேய்த்து எடுத்து வந்து, எந்த நிறம் பனிக்கு எடுப்பாக இருக்கும் என்று வந்ததிலிருந்து எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அம்மா ஓரக்கண்ணால் சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். முரண்டு பிடிப்பதென்றால் அவள்தான் பிடிக்க வேண்டும். அவளோ நாற்காலியில் சாய்ந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தி சொல்றதுதான் சரி. கட்டுப்பாடான குடும்பம்னு பார்த்ததும் தெரியணும்ல.”

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். இப்படி ஒரு சம்பந்தி எங்கே கிடைப்பாள் என்று பெண்ணின் அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போட்டோகிராஃபர் பெருமூச்சு விட்டாள். “சரி, வெளிச்சமாவது நல்லா அமையட்டும். சாயங்காலம் போலாம். வெயில் சாஞ்சு வர்றப்போ முகமே தங்கமா மின்னும்.”

“அப்போ அவர் நிழல் இவ மேல விழாதா?”

“விழும்... நிழலும் கூடாதாம்மா?”

“கூடாது.”

மாப்பிள்ளை குனிந்து தரையில் கிடந்த தன் நிழலைப் பார்த்தான். அது எப்போது என்ன தப்புச் செய்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

“அதுக்கென்ன, உச்சி வெயில்ல எடுத்துடலாம்,” என்று சம்பந்தியம்மா வழி சொன்னாள். “நிழல் அவங்கவங்க காலடியிலேயே நின்னுடும்.”

“ஐயோ, அந்த வெயில்ல கண்ணுக்குக் கீழ கருப்பா விழும்மா. யாரும் அந்த நேரத்துல முகத்த எடுக்க மாட்டாங்க.”

“பரவால்ல,” என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒன்றாக.

“ஷோகேஸ்ல வைக்க ஒண்ணாவது தேறும்னு நெனச்சேன்,” என்று முணுமுணுத்தபடி போட்டோகிராஃபர் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். கார் கதவு வரை போன பெண்ணின் அம்மா, கண்ணாடிக் கூட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏம்மா, இது உன்னோட இருக்கட்டும். என் பொண்ணுக்கு வேற ஒரு இடம் வந்திருக்கு. பையன் டாக்டர். அவங்க பொண்ணோட படம் கேக்கறாங்க. மலையும் பனியுமா பின்னாடி இருந்தா பாத்ததும் பிடிச்சுப் போகும்.”

“அப்போ இவரு?”

“இவர் பாதிய வெட்டிடு. அதுக்குத்தான் ரெண்டடி. வெட்டின எடத்துல ஒரு நூல், ஒரு நிழல் மிஞ்சியிருந்தா சந்தேகம் வந்துடும் பாரு.”

“டாக்டர் வீட்ல வேண்டாம்னுட்டா?”

“வெட்டாத படம்தான் இருக்கே. இந்தப் பையன் எங்க போயிடப் போறான்? அவங்கம்மா நான் கிழிச்ச கோட்டத் தாண்டாத ஆளு. பாத்தியே, உச்சி வெயில்னு எனக்கே எடுத்துக் குடுக்கறா.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“உங்க பொண்ணுக்குத் தெரியுமாம்மா?”

“அவகிட்ட எதுக்கு? எல்லாம் முடிவானதும் சொன்னாப் போதும்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே போனில் மலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் காற்றுப் போகவும் இடமில்லை.

போட்டோகிராஃபர் அதிர்ச்சி அடைவாள் என்று பெண்ணின் அம்மா எதிர்பார்த்தாள். அவளோ மடிக்கணினியை மூடி, ஒயரை நிதானமாகச் சுற்றினாள்.

“தனித்தனியா வெட்டி ரெண்டு செட்டா குடுத்துடறேம்மா.”

“ரெண்டு எதுக்கு? பொண்ணு பாதி மட்டும் போதும் எனக்கு.”

“தெரியும்மா. மாப்பிள்ளை பாதிய அவங்கம்மா காலையிலேயே கேட்டு வெச்சுட்டாங்க.”